நட்டை இறுக்கினால் பிரேக் பிடிக்குமா? பழைய பைக்குகளின் ட்ரம் பிரேக் பற்றி

பழைய பைக்கை ஓட்டிக்கொண்டு எந்தப் பட்டறைக்குப் போய், "அண்ணே, பிரேக் சரியா பிடிக்கல" என்று சொன்னாலும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். அவர் பின்சக்கரத்தின் பக்கம் குந்தி உட்கார்ந்து, பிரேக் ராடின் நுனியில் இருக்கும் நட்டை இரண்டு சுற்று இறுக்குவார். பெடலை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். "ஆச்சு, ஓட்டிப் பாருங்க." காசுகூட வாங்க மாட்டார். ஒரு வாரம் பிரேக் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அப்புறம் பழைய கதைதான்.

அந்த நட்டு பிரேக்கின் பிடியைக் கூட்டுவதில்லை. பெடல் எவ்வளவு தூரம் இறங்கியதும் பிரேக் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதை மட்டும்தான் அது முடிவு செய்கிறது. பிடி எவ்வளவு என்பது ட்ரம்முக்கு உள்ளே இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 எதுவாக இருந்தாலும் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே இருப்பது

சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் உட்புறம் வட்டமான ஓர் இரும்புச் சுவர் இருக்கும். அதுதான் ட்ரம். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதன் ஒரு பக்கத்தை மூடியிருக்கும் தட்டு, பிரேக் பிளேட். அது சுற்றாது. பிளேட்டின் உட்புறம் அரைவட்டமாக வளைந்த இரண்டு ஷூக்கள், அவற்றின் முதுகில் லைனிங், அதாவது ட்ரம்மோடு உரசித் தேயும் பட்டை. இரண்டு ஷூக்களும் ஒரு முனையில் ஒரே பின்னைத் தாங்கி நிற்கும். மறுமுனைகளுக்கு நடுவே கேம் என்கிற தட்டையான இரும்புத் துண்டு.

இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு தீப்பெட்டியைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு அதை மெல்லத் திருப்பிப் பாருங்கள். திரும்பத் திரும்பக் கைகள் விலகும். கேம் செய்வதும் அதையேதான். கேபிளோ ராடோ வெளியே உள்ள லீவரை இழுக்கும், கேம் திரும்பும், ஷூக்கள் அகன்று ட்ரம்மை உரசும். விட்டுவிட்டால் இரண்டு ஸ்பிரிங்குகள் ஷூக்களைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ளும். இந்தத் தீப்பெட்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

சுவையான விஷயம் இனிமேல்தான். இரண்டு ஷூக்களும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒரே அளவு வேலை செய்வதில்லை. ஒரு நீளமான மூங்கில் கழியைச் சாய்த்து, நுனி தரையில் படும்படி முன்னால் தள்ளிக்கொண்டே நடந்தால் என்ன ஆகும்? நுனி எங்காவது குத்தி நிற்கும், கழி உங்கள் கையை எதிர்த்துத் தள்ளும். அதே கழியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தால் சும்மா வழுக்கிக்கொண்டு வரும். அழுத்தம் அதேதான், திசைதான் வேறு.

ட்ரம் சுற்றும்போது ஒரு ஷூவின் கேம் முனையை முதலில் தொட்டு, பிறகு அந்தப் பின்னைத் தாங்கி நிற்கும் முனைக்குப் போகிறது. முன்னால் தள்ளிய கழியைப்போல, உரசலே அந்த ஷூவை மேலும் வெளியே தள்ளி ட்ரம்மோடு அழுத்துகிறது. இதை லீடிங் ஷூ என்பார்கள். நாம் கொடுத்த பலத்தை அது தானாகவே பெருக்கிக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்து ஷூவுக்கு நிலைமை தலைகீழ். உரசல் அதை ட்ரம்மிலிருந்து விலக்கப் பார்க்கிறது. அது ட்ரெய்லிங் ஷூ. ஆக, சாதாரண ட்ரம் பிரேக்கில் பெரும்பகுதி வேலையை ஒரு ஷூதான் செய்கிறது. கழற்றிப் பார்க்கும்போது ஒரு லைனிங் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், போலிப் பொருள் என்று யாரையும் திட்ட வேண்டாம். அது இயல்பு.

ஒன்று மட்டும்தான் லீடிங் என்றால் இரண்டையும் லீடிங் ஆக்கிவிட்டால் என்ன? அப்படி வந்ததுதான் ட்வின் லீடிங் ஷூ. பிளேட்டில் ஒன்றுக்கு இரண்டு கேம்கள், ஆளுக்கொரு ஷூ, வெளியே இரண்டு லீவர்களையும் இணைக்கும் ஒரு கம்பி. திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350-களில் 6 அங்குல சாதாரண முன் பிரேக்கோடு வந்தவை உண்டு. 500-இல் 7 அங்குல ட்வின் லீடிங் வந்தது. யமஹாவின் ஆர்டி 350 ஜப்பானில் முன்சக்கரத்தில் டிஸ்க்கோடு விற்றது. 1983-இல் அதையே ராஜ்தூத் 350 என்று இங்கே கொண்டு வந்தபோது டிஸ்க்கை எடுத்துவிட்டு ட்வின் லீடிங் ட்ரம் வைத்தார்கள். அந்த இன்ஜினின் வேகத்துக்கு அந்த பிரேக் போதாது என்ற புலம்பலை அதை ஓட்டிய யாரிடமும் கேட்கலாம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சரியாகச் செட் செய்யாத பிரேக்கை வைத்துக்கொண்டு புலம்பியவர்களும் நிறையப் பேர் என்பது என் சந்தேகம்.

ட்வின் லீடிங்கில் ஒரு வேடிக்கை உண்டு. மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் இருக்க முன் பிரேக்கைப் பிடித்தால், பிடிக்கவே பிடிக்காததுபோல் இருக்கும். சக்கரம் பின்னோக்கிச் சுற்றும்போது இரண்டு ஷூக்களுமே ட்ரெய்லிங் ஆகிவிடுகின்றன, அவ்வளவுதான். மேம்பாலச் சிக்னலில் முதல்முறை இதைச் சந்திப்பவர் பதறிப்போவார். ஒரு காலை ஊன்றி, மறுகாலால் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்பதுதான் வழி. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதால், புதிய வண்டியிலிருந்து மாறி வருபவர்கள் இதற்கும் கொஞ்சம் பழக வேண்டும்.

கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்

முதலில் லீவரைப் பாருங்கள். ஹேண்டில்பாரில் இருப்பதை அல்ல, பிரேக் பிளேட்டின் வெளிப்புறம் கேமோடு இணைந்திருக்கும் சின்ன லீவரை. ஒருவரை பிரேக்கை நன்றாக அழுத்தச் சொல்லிவிட்டு, அந்த லீவரும் அதை இழுக்கும் கேபிளும் சேரும் கோணத்தைக் கவனியுங்கள். ஏறக்குறைய 90 டிகிரியில் இருந்தால் கையின் பலம் முழுதாகப் போய்ச் சேர்கிறது. கிணற்று ராட்டினத்தின் கைப்பிடியைக் குறுக்காகத் தள்ளாமல், அதன் நீளவாக்கிலேயே தள்ளிப் பார்த்தால் தெரியும், கோணம் கெட்டால் பலம் எப்படி வீணாகிறது என்று. 90 டிகிரியைத் தாண்டி லீவர் வெகுதூரம் போகிறது என்றால் லைனிங் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

இங்கேதான் ஒரு கெட்ட பழக்கம் உள்ளே வருகிறது. அந்த லீவர் கேம் தண்டின் மேல் பல்பல்லான வரிகளில் உட்கார்ந்திருக்கும். நட்டில் இறுக்க இனி மரை மீதமில்லை என்றானதும், லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். கோணம் சரியாகிவிடும், பெடலும் மேலே வந்துவிடும். ஆனால் உள்ளே? தீப்பெட்டி ஏற்கனவே முக்கால்வாசி திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அது முழுக்க நிமிர்ந்து, அதற்கு மேலும் புரண்டுவிடும். அப்படிப் புரண்ட கேமை ஸ்பிரிங்குகளால் திரும்ப இழுக்க முடியாது. பிரேக் பிடித்தது பிடித்தபடியே சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன்சக்கரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய வண்டி வாங்கும்போது லீவர் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கேம் தண்டின் நுனியிலும் லீவரிலும் புள்ளிக்குறி இருந்தால் இரண்டும் நேராக நிற்க வேண்டும்.

அடுத்தது கேபிள். முன் பிரேக் மந்தமாக இருக்கிறது என்று ஷூ மாற்றியவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு புதிய கேபிள். பழைய உறைக்குள் துருப்பிடித்த கம்பி உரசி உரசி, கையின் பலத்தில் பாதியை வழியிலேயே தின்றுவிடும். உறையே தளர்ந்து போயிருந்தால் லீவரை இழுக்கும்போது அது நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நுனிக் குமிழுக்குப் பக்கத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். மீதி இழைகள் உங்களுக்குச் சொல்லிவிட்டு அறுவதில்லை.

செட் செய்வது

சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ராடு நட்டை இறுக்குங்கள். ஷூ உரசும் சத்தம் தொடர்ந்து கேட்கத் தொடங்கியதும் நிறுத்தி, சத்தம் போகும்வரை பின்னால் தளர்த்துங்கள். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் 'சர்' என்று லேசாக வந்து போனால் பரவாயில்லை. பெடலின் நுனி 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இறங்கியபின் பிரேக் பிடிக்கத் தொடங்கினால் பல வண்டிகளுக்குச் சரி. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே கேளுங்கள். நட்டின் குழி விழுந்த பக்கம், லீவரில் இருக்கும் உருளைப் பின்னில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அரைகுறையாக நின்றால் ஓட்டத்தில் தானாகத் திரும்பி மாறிவிடும். எல்லாம் முடிந்ததும் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பெடலின் உயரம் மாறினால் அதன் சுவிட்சும் மாறியிருக்கும்.

செயினை இறுக்கியபின் பிரேக்கைச் சரிபார்க்க மறப்பது எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன். செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னால் நகர்கிறது. ராடு நகர்வதில்லை. அதனால் லீவர் தானாக இழுபட்டு பிரேக் உரசத் தொடங்கும். என் வண்டியில் ஒருமுறை பத்துக் கிலோமீட்டர் போவதற்குள் ஹப்பில் கை வைக்க முடியாத சூடு. வண்டி இழுக்கவில்லையே, பெட்ரோலில் ஏதோ கலப்படம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்! பிரேக் பிளேட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பட்டைக் கம்பியின் நட்டையும் அந்த நேரத்திலேயே பாருங்கள். அது கழன்றால் பிரேக் பிடித்த கணத்தில் பிளேட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடும். அதில் ஸ்பிளிட் பின்னுக்கு ஓட்டை இருந்தால், பின் கட்டாயம் இருக்க வேண்டும்.

முன் பிரேக்குக்கு இரண்டு இடத்தில் திருகு இருக்கும். பெரிய மாற்றத்தைக் கீழே, பிளேட்டுக்குப் பக்கத்தில் செய்யுங்கள். ஹேண்டில்பாரில் இருப்பதை வழியில் கையாலேயே திருப்பிக்கொள்ளும் சின்னத் திருத்தத்துக்கு விட்டுவைப்பது நல்லது.

ட்வின் லீடிங் என்றால் இன்னொரு வேலை கூடுதல். இரண்டு லீவர்களையும் இணைக்கும் கம்பியின் நீளம் சரியாக இல்லாவிட்டால் ஒரு ஷூ ட்ரம்மைத் தொட்டு நின்றுவிடும், மற்றது அந்தரத்தில் நிற்கும். கம்பியின் ஒரு முனையிலுள்ள பின்னைக் கழற்றி, இரண்டு லீவர்களையும் தனித்தனியே ஷூ தொடும்வரை கையால் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் பின் தானாக ஓட்டைக்குள் இறங்கும்படி கம்பியின் நீளத்தைத் திருத்தினால் முடிந்தது. பட்டறைகளில் பெரும்பாலும் யாரும் இதைத் தொடுவதில்லை. அதனாலேயே எத்தனையோ ட்வின் லீடிங் பிரேக்குகள் ஒற்றை ஷூவோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஐந்து நிமிட வித்தை ஒன்றும் இருக்கிறது. ஆக்சிலுக்கும் பிரேக் பிளேட்டின் ஓட்டைக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருக்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது பிளேட் அந்த இடைவெளியில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுவிட்டால், ஒரு ஷூ முன்னதாகவும் மற்றது பின்னதாகவும் தொடும். எனவே ஆக்சில் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். ஷூக்களே பிளேட்டை நடுவுக்குத் தள்ளிக்கொள்ளும். பிடித்த கையை விடாமல் நட்டை இறுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் ஹேண்டில்பார் லீவரை ஒரு ரப்பர் டியூப் துண்டால் கட்டிவிடலாம். காசு செலவில்லாமல் இவ்வளவு வித்தியாசம் தரும் வேலை பழைய பைக்கில் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

கழற்றிப் பார்ப்பது

பிளேட்டை வெளியே எடுத்ததும் உள்ளே கறுப்புத் தூள் குவிந்திருக்கும். அதை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கும் பம்ப்பும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. முகத்தை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

லைனிங்கின் கனம் 2 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம். ரிவெட் அடித்த பழைய வகையாக இருந்தால் ரிவெட்டின் தலை ட்ரம்மைத் தொடுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். இல்லையென்றால் ட்ரம்மில் கோடு கோடாகப் பள்ளம் விழும். லைனிங் கண்ணாடிபோல் பளபளத்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். எண்ணெயோ கிரீஸோ ஊறியிருந்தால்தான் சிக்கல். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால் சரியாகிவிடும் என்று ஒரு பட்டறை வைத்தியம் உண்டு. நம்பாதீர்கள். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், பிரேக் சூடானதும் உள்ளே ஊறியது கசியும். ஷூவை மாற்றிவிட்டு, கிரீஸ் எங்கிருந்து வந்தது என்று ஹப் பேரிங்கின் சீலைப் பாருங்கள்.

கேம் தண்டையும் ஷூக்கள் தாங்கி நிற்கும் பின்னையும் துருவில்லாமல் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸைத் தொட்டும் தொடாமலும் பூசுங்கள். பிரேக்கை விட்டபிறகும் சக்கரம் சுற்ற மறுக்கிறதா? ஒன்று, இந்தத் தண்டு இறுகியிருக்கும். அல்லது ஸ்பிரிங் தொய்ந்திருக்கும்.

புதிய ஷூ போட்டும் பிடிக்கவில்லை என்கிற புகாருக்கு வருவோம். நான் ஒருமுறை லைனிங் ஒட்டக் கொடுத்து வாங்கி மாட்டியபோது, பிரேக் பழையதைவிட மோசமாக இருந்தது. ஒரு சாக்பீஸ் எடுத்து லைனிங் முழுவதும் வெள்ளையாகத் தேய்த்து, திரும்ப மாட்டி, சக்கரத்தைச் சுற்றி நாலைந்து முறை பிரேக் பிடித்துவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு ஷூவிலும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. மீதி இடமெல்லாம் ட்ரம்மைத் தொடவே இல்லை. காரணம் எளிது. லைனிங்கின் வளைவும் ட்ரம்மின் வளைவும் ஒன்றாக இல்லை. ஷூக்களை பிளேட்டிலேயே மாட்டி, கேமுக்குப் பக்கத்தில் மெல்லிய தகடு வைத்துக் கொஞ்சம் அகட்டி, ஆக்சில் ஓட்டையை மையமாக வைத்து லேத்தில் லேசாகக் கடைந்தால் இரண்டு வளைவும் சேர்ந்துவிடும். லேத்துக்காரரிடம் ட்ரம்மின் உள்விட்டத்தை அளந்து கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தபின் அதே வண்டி வேறு வண்டிபோல் நின்றது. லீடிங் ஷூவின் முன்முனையை அரத்தால் சற்றுச் சாய்வாகத் தேய்த்துவிட்டால், கீச்சிடுவதும் வெடுக்கென்று கவ்வுவதும் குறையும்.

பிரேக் பிடிக்கும்போது லீவர் கையில் துடிக்கிறது என்றால் ட்ரம் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது. ஸ்போக்குகளை ஏறுக்குமாறாக இறுக்கினால்கூட ஹப் இழுபட்டு இப்படி ஆகும். அதனால் ட்ரம்மைக் கடைவதாக இருந்தால் ஸ்போக் கட்டிய சக்கரத்தோடேயே லேத்தில் ஏற்ற வேண்டும். ஹப்பை மட்டும் தனியாகக் கடைந்து அப்புறம் ஸ்போக் கட்டினால் திரும்பவும் முட்டைதான். ட்ரம்மில் அதிகபட்ச விட்டம் பொறித்திருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

மலையிலும் மழையிலும்

ட்ரம் பிரேக்கின் உண்மையான பலவீனம் சூடு. உராய்வு நடக்கும் இடம் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் சூடு வெளியேற வழி குறைவு. ட்ரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, லைனிங்கின் பிடிப்பும் சேர்ந்து குறைகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், பாதி வழியில் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும். அந்த நேரத்தில் வழியில் நிறுத்தித் திருகை இறுக்குவதும் ஆபத்து. ஆறியதும் ட்ரம் சுருங்கி பிரேக் பூட்டிக்கொள்ளும். ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய பாடம். புல்லட்டின் இன்ஜின் நன்றாக இழுத்துப் பிடிக்கும். ஆர்எக்ஸ் 100, யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக்குகளில் அந்த இழுப்பு குறைவு, அதனால் இன்னும் பொறுமையாக இறங்க வேண்டும். பிடித்தபடியே இருக்காமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் அது ஆறும்.

முழங்கால் தண்ணீரில் போய்வந்தால் ட்ரம்முக்குள் நீர் புகுந்து, கொஞ்ச தூரத்துக்கு பிரேக் இருப்பதே தெரியாது. மெதுவாக ஓட்டிக்கொண்டே, பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து லேசாக பிரேக்கைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும்.

புதிய ஷூ மாட்டிய அன்றைக்கே மலைக்குக் கிளம்ப வேண்டாம். லைனிங் ட்ரம்மோடு பழகச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 40-இல் போய் நிதானமாக நிறுத்துவது, ஆறவிட்டு மறுபடி அதையே செய்வது என்று தொடங்குங்கள். அதற்குள் ராடு நட்டை ஓரிரு முறை திருத்த வேண்டிவரும். லைனிங்கின் மேடுகள் தேய்ந்து உட்காருவதால் வரும் தளர்வு அது. அப்போது மட்டும், பட்டறை அண்ணன் செய்வதுபோல நட்டை இறுக்கிவிட்டுப் போகலாம்.